திறந்து வைத்தால் போதுமா? கட்டற்ற உரிமங்கள் குறித்த ஒரு நம்பிக்கையின் மறுப்பு

மென்பொருள் எழுதுவோரிடையேயும், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மின்னணுக் கருவிகளை வடிவமைப்போரிடையேயும், தரவுகளைத் திரட்டிப் பிறருக்கு வழங்கும் தன்னார்வலர்களிடையேயும் ஒரு நம்பிக்கை பரவலாக வேரூன்றியிருக்கிறது. பகிரும் மனம் இருந்தால் போதும், உரிமம் என்பது கோப்புறையின் மூலையில் போட்டுவைக்கும் சடங்குத் தாள் மட்டுமே என்பது அதன் சாரம். அதைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஐந்து: பொதுவில் வைக்கப்பட்டது எல்லோருக்கும் உரியது, காசு வாங்காமல் கொடுத்ததற்கு நீதிமன்றத்தில் வலு இல்லை, பெயர்பெற்ற கட்டற்ற உரிமங்களுள் ஏதேனும் ஒன்று எந்தப் படைப்புக்கும் பொருந்தும், நல்ல நோக்கத்துடன் இன்னொரு நிபந்தனையைச் சேர்ப்பதால் கேடில்லை, தேர்வு தவறினாலும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். இவ்வைந்தும் பிழை என்பதும், அப்பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. நிரலையும் கருவியையும் கையேட்டையும் தரவையும் சட்டம் ஒரே இடத்தில் பிடிப்பதில்லை. பிடி எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் உரிமம் அதைத் தளர்த்தவும் முடியும், அதைக் கொண்டு பொதுநலனைக் காக்கவும் முடியும்.

முதல் வாதம் சட்டத்தின் தொடக்கப் புள்ளியையே தலைகீழாகக் கொள்கிறது. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டபோது, பதிப்புரிமைக்குப் பதிவோ அறிவிப்போ தேவையில்லை, படைப்பு உருப்பெற்ற கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது என்ற நெறி நிலைபெற்றது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அந்நெறியையே பின்பற்றுகிறது. கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகள் என்ற வகைக்குள் அது சேர்த்துக்கொண்டிருப்பதால், ஒரு மாணவர் இரவில் எழுதி முடித்த முப்பது வரி நிரலுக்கும் ஒரு நாவலுக்கும் இந்த வகையில் வேறுபாடில்லை. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, உரிமையாளர் வழங்கும் உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே உரிமம் ஏதுமின்றி ஒரு நிரலை எல்லோரும் காணும்படி வைத்தவர், பிறர் அதைப் பார்க்க விட்டிருக்கிறாரே தவிர, நகலெடுக்கவோ மாற்றவோ மாற்றியதைப் பரப்பவோ இசைவு தந்தவராக ஆவதில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் விதிகளும், பொதுவில் வைக்கப்பட்ட களஞ்சியத்தைப் பிற பயனர்கள் பார்வையிடவும் அத்தளத்துக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் மட்டுமே இடமளிக்கின்றன. இதனால் விளையும் நட்டம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. உரிமமற்ற நிரலை எடுக்காமல் விலகிப்போகிறவர் சட்டத்தை மதிப்பவர். சட்டத்தைப் பொருட்படுத்தாதவரோ எப்படியும் எடுத்துக்கொள்கிறார். பகிர நினைத்தவர் யாரைச் சென்றடைய விரும்பினாரோ, அவர்களுக்கே வழி அடைபடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான நாட்டுடைமை முறை இதற்குத் தெளிவான சான்று. எழுத்தாளரின் வாரிசுகளுக்குத் தமிழக அரசு ஒரு தொகை வழங்கி, அவருடைய நூல்களை எவரும் பதிப்பிக்கலாம் என்று முறைப்படி அறிவிக்கிறது. பாரதியின் பாடல்கள் எத்தனை ஆயிரம் வாய்களில் ஒலித்தபோதும், 1949இல் அரசு அவற்றின் உரிமையைக் கைக்கொண்டு, பின்னர் மக்களுக்கு வழங்க வேண்டியிருந்தது. ஊரறிந்திருப்பது வேறு, உரிமை விடுபட்டிருப்பது வேறு. நாட்டுடைமைக்கும் கட்டற்ற உரிமத்துக்கும் இடையிலான வேறுபாட்டையும் இங்கேயே குறித்துக்கொள்வது பயன்தரும். நாட்டுடைமையில் உரிமை முற்றாகக் கைவிடப்படுகிறது. அந்நூலுக்கு ஒரு பதிப்பகம் எழுதிச் சேர்க்கும் உரையும் குறிப்புகளும் அப்பதிப்பகத்துக்கே உரியவையாக இருக்கலாம். கட்டற்ற உரிமத்தில் பதிப்புரிமை படைப்பாளரிடமே இருக்கிறது. பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பரப்பவும் அவர் எல்லோருக்கும் முன்கூட்டியே அனுமதி தருகிறார். அந்த அனுமதியோடு, மாற்றியதையும் இதே அனுமதிகளுடனேயே பரப்பவேண்டும் என்ற கட்டளையைச் சேர்க்கும் வகைக்கு அளிப்புரிமை என்று பெயர். ஆங்கிலப் பெயரான காப்பிலெஃப்ட் என்றும் அது வழங்கப்படுகிறது. பதிப்புரிமை இல்லாவிட்டால் அளிப்புரிமைக்கு நிற்கும் தரையே இல்லை.

இரண்டாம் வாதம் வழக்குமன்றங்களிலேயே எழுப்பப்பட்டு, தோற்றுப்போன ஒன்று. பொம்மை ரயில்களைக் கணினிவழி இயக்கும் ஆர்வலர்களுக்காக அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேகப்சனும் தோழர்களும் ஜேஎம்ஆர்ஐ என்ற மென்பொருளை எழுதி, ஆர்ட்டிஸ்டிக் உரிமம் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தனர். மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம், ரயில் எஞ்சின்களுக்குள் இருக்கும் டீகோடர் சில்லுகளை விவரிக்கும் கோப்புகளை அதிலிருந்து எடுத்துத் தன் வணிக மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. எடுத்தது தவறில்லை, உரிமமே அதை அனுமதித்தது. ஆனால் அக்கோப்புகளில் எழுதியவர்களின் பெயர்கள் இல்லை, பதிப்புரிமைக் குறிப்பு இல்லை, உரிமத்தைச் சுட்டும் வரி இல்லை, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற தகவல் இல்லை, மூலத்திலிருந்து எவ்வெவை மாற்றப்பட்டன என்ற விவரமும் இல்லை. உரிமம் கேட்டிருந்த கைம்மாறு இவ்வளவே, அவ்வளவும் விடுபட்டிருந்தன. கீழ் நீதிமன்றம் இதை ஒப்பந்த மீறல் என்ற அளவில் மட்டுமே பார்த்துத் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, அவை அனுமதியோடு பிணைந்த நிபந்தனைகள், அவற்றை மீறியவரின் நகலெடுப்பு பதிப்புரிமை மீறலாகலாம் என்று கூறியது. பணம் கைமாறாததால் பொருளியல் நலன் ஏதுமில்லை என்று கொள்ளலாகாது. நற்பெயரும், பயனர் பெருக்கமும், முகமறியாத வல்லுநர்கள் அனுப்பும் திருத்தங்களும் படைப்பாளர் பெறும் நலன்களே என்று அந்நீதிமன்றம் விளக்கிய பகுதி, உரிமங்களைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய ஒன்று.

இதற்கு முன்பே, 2004இல், ஜெர்மனியின் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் நிரலாளர் ஹரால்டு வெல்டே தொடுத்த வழக்கில் ஜிபிஎல் எனப்படும் குனு பொது உரிமத்தின் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு, லினக்ஸின் நெட்ஃபில்டர் பகுதியை மூலநிரல் வழங்காமல் தன் கருவிகளோடு விநியோகித்த சைட்காம் நிறுவனத்துக்கு எதிராகத் தடையாணை பிறப்பித்தது. வழக்கு வரை போகாமலே உரிமம் பயன் தந்ததற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரின் வரலாறு சான்றாகிறது. அதற்குள் லினக்ஸ் இயங்குகிறது என்பது 2003இல் வெளிப்பட்டதும், ஜிபிஎல் கோரியபடி மூலநிரலை வெளியிடும்படி நிறுவனத்தின்மேல் அழுத்தம் எழுந்தது, நிறுவனம் வெளியிட்டது. அந்த மூலநிரலிலிருந்து 2004இல் கிளைத்த ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம், இன்று பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் இயங்குகிறது. உரிமம் வெறும் சடங்காக இருந்திருந்தால் அந்த மூலநிரல் வெளியே வந்திருக்காது.

மூன்றாம் வாதமே இந்நம்பிக்கையின் நடுத்தூண் என்பதால் அதை விரிவாக ஆராயவேண்டும். மென்பொருளுக்கு வெற்றி தந்த ஜிபிஎல்லையோ, கட்டுரைகளுக்கும் படங்களுக்கும் பரவலாக வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையோ எதன்மேல் ஒட்டினாலும் ஒரே விளைவு கிடைக்கும் என்பது அவ்வாதம். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்தவேண்டாம் என்று பரிந்துரைக்கிறது. மூலநிரலைத் தரவேண்டும் என்ற கட்டளை அவற்றில் இல்லை, புதுக்கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமையான காப்புரிமையைப் பற்றிய அனுமதியும் இல்லை. பதிப்புரிமை சார்ந்த உரிமைகளையெல்லாம் துறக்கும் அவ்வமைப்பின் சிசி0 கூட, காப்புரிமைகளைத் துறக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதன் பொருட்டு 2022இல் ஃபெடோரா லினக்ஸ் குழு சிசி0 இடப்பட்ட நிரல்களை இனி ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது.

கையேடுகளின் நிலை இன்னும் நுட்பமானது. நிரலுக்கான உரிமத்தில் வரும் மூலநிரல், இயங்குநிரல் என்ற பாகுபாடு அச்சுப் புத்தகத்துக்கு நேராகப் பொருந்தாது என்பதால், ரிச்சர்ட் ஸ்டால்மன் தோற்றுவித்த கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2000ஆம் ஆண்டில் ஜிஎஃப்டிஎல் எனப்படும் ஆவண உரிமத்தை வெளியிட்டது. மாற்றக்கூடாத பகுதிகள் என்று சிலவற்றை ஆசிரியர் குறித்துவைக்க அது இடம் தந்தது. ஈமாக்ஸ் என்ற மென்பொருளின் கையேட்டில் குனு கொள்கை அறிக்கை அப்படித்தான் இடம்பெற்றது. கையேட்டின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சிறு குறிப்பேடு செய்பவரும் அம்மாறாப் பகுதிகளைச் சுமந்தாகவேண்டும் என்பதால், டெபியன் லினக்ஸ் குழு 2006இல் வாக்கெடுப்பு நடத்தி, அத்தகைய பகுதிகள் உள்ள ஆவணங்கள் கட்டற்றவை ஆகா என்று அறிவித்தது. இன்னொரு சிக்கல் விக்கிப்பீடியாவில் வெளிப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உட்பட அதன் எல்லா மொழிப் பதிப்புகளும் முதலில் ஜிஎஃப்டிஎல்லின் கீழ் இருந்தன. அவ்வுரிமமோ ஒவ்வொரு பிரதியுடனும் தன் முழு வாசகம் இணைக்கப்படவேண்டும் என்று கேட்டது. ஒரு பள்ளி ஆசிரியர் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வகுப்புக்காக அச்சிட்டுக் கொடுத்தால், கட்டுரையைவிட நீளமான உரிம வாசகத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டியிருந்தது. அதோடு ஜிஎஃப்டிஎல்லும் ஜிபிஎல்லும் ஒன்றுக்கொன்று இசைவற்றவை. நிரலுக்குள் இருக்கும் விளக்கக் குறிப்பைக் கையேட்டுக்கோ, கையேட்டின் எடுத்துக்காட்டு நிரலை மென்பொருளுக்கோ மாற்றிக்கொள்ள உரிமையாளர் அல்லாதவருக்கு வழியில்லை. இதை உணர்ந்தே, எடுத்துக்காட்டு நிரல்களை ஒரு மென்பொருள் உரிமத்தின் கீழும் சேர்த்து வெளியிடுமாறு ஜிஎஃப்டிஎல்லின் பின்னிணைப்பு பரிந்துரைக்கிறது.

வன்பொருளுக்கு வரும்போது, ஒரே உரிமம் போதும் என்பது பிழை என்ற நிலையிலிருந்து பயனற்றது என்ற நிலைக்கே போய்விடுகிறது. ஒரு கல்லூரி ஆய்வகம் மண்ணின் ஈரத்தை அளக்கும் சிறு சர்க்யூட் போர்டை வடிவமைப்பதாகக் கொள்ளலாம். சர்க்யூட் வரைபடம், போர்டில் செப்புத் தடங்கள் ஓடும் அமைப்பு, தொழிற்கூடத்துக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகள், பாகங்களின் பட்டியல், உள்ளே இயங்கும் நிரல், அதை மூடும் பிளாஸ்டிக் பெட்டி என்று அதற்குப் பல முகங்கள் உண்டு. வரைபடம் ஒரு வரைபடமாகப் பதிப்புரிமைக்கு உட்பட்டது. ஆனால் அவ்வரைபடத்தின்படி போர்டைச் செய்வது வரைபடத்தை நகலெடுப்பது ஆகாது என்பதே பொதுவாகச் சட்டத்தின் பார்வை. சமையல் குறிப்பை அச்சிடும் உரிமை ஒருவரிடம் இருப்பதால் அதன்படி சமைப்பதை அவர் தடுக்க முடியாதது போன்றது இது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதன் 51ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் பதியத்தக்க, ஆனால் பதியப்படாத ஒரு வடிவம் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாக்கப்பட்டால் அவ்வடிவத்திலுள்ள பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது. மேலே சொன்ன பிளாஸ்டிக் பெட்டியின் தோற்றத்தை இவ்விதி எளிதில் தொடும். இப்படிப்பட்ட நிலத்தில், வரைபடத்தின் மூலையில் ஜிபிஎல் என்றோ, கிரியேட்டிவ் காமன்ஸின் அளிப்புரிமை வகையான சிசி பை-எஸ்ஏ என்றோ எழுதிவைத்த ஆய்வகம், தன் வடிவமைப்பை மேம்படுத்தும் எவரும் மேம்பாட்டைத் திருப்பித் தருவார் என்று எதிர்பார்ப்பது வீண். வரைபடத்தைப் பரப்பாமல் போர்டை மட்டும் பல்லாயிரக்கணக்கில் செய்து விற்கும் ஒருவரை அவ்வுரிமம் தொடாமலே போகலாம்.

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு பதில் உண்டு. 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, பதிப்புரிமை என்ற சொல்லுக்குள் அதையொத்த பிற சட்டங்களையும் அடக்கி, சிப் தயாரிப்பில் பயன்படும் முகமூடி வடிவங்களை எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறது. ஆகவே வன்பொருளுக்கும் அது போதும் என்பர். சிப்பின் உள்ளமைப்புக்குப் பல நாடுகளில் தனிச்சட்டம் உண்டு, இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டில் அப்படியொரு சட்டம் இயற்றப்பட்டது என்பது உண்மையே. ஆனால் அது சிப்புகளுக்கு மட்டுமானது, சாதாரண சர்க்யூட் போர்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவிரவும், ஒரு போர்டின் மூலம் எது, வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய சிப்பின் உள்வடிவத்தையும் சேர்த்துத் தரவேண்டுமா என்ற கேள்விகளுக்கு ஜிபிஎல்லில் விடை இல்லை. அந்த விடையைத் தேடியே வன்பொருளுக்கான உரிமங்கள் எழுதப்பட்டன. அமெச்சூர் வானொலியாளர்களின் அமைப்பான டாப்பர் 2007இல் ஒன்றை வெளியிட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2011இல் தன் திறந்த வன்பொருள் உரிமத்தை வெளியிட்டு, 2020இல் அதை மூன்று வகையாகப் பிரித்தது. எஸ் என்ற வகையின்படி, போர்டை மாற்றிச் செய்து விற்பவர் அதன் முழு மூலத்தையும் வழங்கவேண்டும். சந்தையில் வாங்கக் கிடைக்கும் பாகம் என்ற வரையறைக்குள் வருபவற்றுக்கு மட்டும் விலக்கு. டபிள்யூ என்ற வகை, திறந்த பகுதியைப் பெரிய மூடிய வடிவமைப்புக்குள் ஓர் உறுப்பாகப் பொருத்திக்கொள்ள இடமளிக்கிறது. பி என்ற வகை அறிவிப்பைத் தவிர ஏறத்தாழ எதையும் கேட்பதில்லை. மூன்றிலும் காப்புரிமை பற்றிய அனுமதி உண்டு. வடிவமைப்பின் பின்னுள்ள கருத்தைப் புரிந்துகொண்டு தானே புதிதாக வரைந்து செய்பவரைச் செர்ன் உரிமமும் கட்டுப்படுத்த முடியாது. எந்தச் சட்ட உரிமையும் இல்லாத இடத்தில் ஓர் உரிமம் அதைப் புதிதாக உண்டாக்கிவிட முடியாது. ஆனால் வடிவமைப்புக் கோப்புகளை எடுத்து மாற்றிப் பொருளாக்கும் வழக்கமான பாதையில் எங்கெங்கே சட்டப் பிடி உண்டோ, அங்கெல்லாம் அது கைவைக்கிறது.

இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ போர்டு இன்னொரு பாடத்தைத் தருகிறது. அதன் வடிவமைப்பு சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் திறந்திருப்பதால் எவரும் அதேபோல் போர்டு செய்து விற்கலாம். ஆர்டுயினோ என்ற பெயரை மட்டும் அச்சிடக்கூடாது, ஏனெனில் அது வணிகச்சின்னம். சென்னை மின்னணுக் கடைகளில் கிடைக்கும் மலிவான யூனோ வகைப் போர்டு சட்டப்படி செல்லுபடியாவதும், அதன்மேல் ஆர்டுயினோ சின்னத்தை இட்டால் போலியாவதும் இதனால்தான். உரிமத்தால் காக்க முடியாததைப் பெயரைக் கொண்டு காக்கும் இந்த ஏற்பாடு, எழுதிய உரிமத்துக்கு வெளியே இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலி வேறொரு தேர்வைக் காட்டுகிறது. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை ஒட்டி, புளூஸ்பெக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்ட அச்செயலியின் நிரல் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிடப்பட்டது. அவ்வுரிமம் திருப்பித் தரும்படி யாரையும் கேட்பதில்லை; ஒரு நிறுவனம் அதை எடுத்து மூடிய சிப்பாகவே விற்கலாம். உள்நாட்டில் பலர் பலவகைச் சிப்புகளைச் செய்யவேண்டும் என்பதே நோக்கமாயின், அந்தத் தேர்வைக் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்லவேண்டியது, நோக்கத்தை எண்ணிப் பாராமல் கைக்கெட்டிய உரிமத்தை ஒட்டுவதைத்தான்.

தரவில் சட்டத்தின் பிடி நாட்டுக்கு நாடு மாறுகிறது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபைஸ்ட் வழக்கில், கான்சஸ் மாநிலத்துத் தொலைபேசி நிறுவனமொன்றின் பெயர்ப்பட்டியலை மற்றொரு நிறுவனம் எடுத்துத் தன் புத்தகத்தில் சேர்த்திருந்தது. நகலெடுப்பைக் கண்டுபிடிப்பதற்காக முதல் நிறுவனம் தன் பட்டியலில் வேண்டுமென்றே நுழைத்துவைத்த பொய்ப் பெயர்களுள் நான்கு, இரண்டாம் புத்தகத்தில் அப்படியே அச்சாகியிருந்தன. எடுத்தது ஐயமின்றித் தெரிந்தும், பெயரும் ஊரும் எண்ணும் வெறும் உண்மைகள், அகரவரிசையில் அவற்றை அடுக்கியதில் படைப்பாற்றல் ஏதுமில்லை, உழைப்புக்காக மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், உழைப்பும் செலவும் மட்டும் போதா, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்ற நெறியை ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியமோ 1996ஆம் ஆண்டு நெறியாணையின்வழி, தரவுத்தளத்தைத் திரட்ட முதலீடு செய்தவருக்குப் பதினைந்து ஆண்டுத் தனியுரிமை ஒன்றை வழங்கியது. ஒரே தரவுத்தளம் அமெரிக்காவில் உரிமையற்றதாகவும் ஐரோப்பாவில் உரிமைக்குட்பட்டதாகவும் இருக்கக்கூடும். 2013இல் வந்த நான்காம் பதிப்புக்கு முன்பிருந்த பொதுவான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பதிப்புரிமையை மையமாகக் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைத் தரவின்மேல் ஒட்டியவர், ஓரிடத்தில் இல்லாத உரிமையின்மீது நிபந்தனை விதித்தார். இன்னோரிடத்தில் இருக்கும் உரிமையைப் பற்றித் தெளிவாக எதுவும் சொல்லாமல் விட்டார்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கூட்டு வரைபடத் திட்டம் இந்தச் சிக்கலின் முழு எடையையும் தாங்கியது. 2004இல் தொடங்கிய அத்திட்டம் சிசி பை-எஸ்ஏ உரிமத்தைத்தான் முதலில் கொண்டிருந்தது. தெருவின் வளைவும் கோயிலின் இருப்பிடமும் உண்மைகளே என்பதால் அவ்வுரிமம் பல நாடுகளில் நிற்குமா என்ற ஐயம் ஒருபுறம். வரைபடத்தை ஒரு நூலில் அச்சிட்டால் நூல் முழுவதுமே அவ்வுரிமத்துக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். பதிப்புரிமை, தரவுத்தள உரிமை, ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓடிபிஎல் உரிமத்துக்கு அத்திட்டம் 2012 செப்டம்பரில் மாறியது. தரவுத்தளத்தை மேம்படுத்திப் பொதுவில் பயன்படுத்துபவர் மேம்பாட்டைப் பகிரவேண்டும், அதிலிருந்து வரைந்த படத்துக்கு மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற பாகுபாடு அவ்வுரிமத்தின் சிறப்பு. வேறு வழியும் உண்டு: விக்கித்தரவு தன் தரவு முழுவதையும் சிசி0வின் கீழ் வைத்திருக்கிறது; தமிழ் உட்படப் பல மொழிகளின் பேச்சொலிகளைத் திரட்டிய மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டமும் அவ்வழியையே தேர்ந்தது. நூறு மூலங்களிலிருந்து தரவைக் கலக்கும்போது நூறு பெயர்களையும் சுமந்து செல்வது இயலாமல் போகும் என்பதால், பெரும் தரவுத் தொகுப்புகளுக்கு இதுவே பெரும்பாலும் தகுந்தது.

நான்காம் வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. வணிகத்துக்குக் கூடாது, தீமைக்குக் கூடாது போன்ற கூடுதல் நிபந்தனைகள் நல்ல மனத்திலிருந்தே எழுகின்றன. ஆனால் அவை முதலில் விலக்குவது நண்பர்களைத்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அதற்குப் பணம் வாங்கக்கூடாது என்று எழுதியிருந்தார். ஃபிளாப்பித் தட்டில் நகலெடுத்துத் தரும் செலவைக்கூட வாங்க முடியாத நிலை அதனால் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அவர் ஜிபிஎல்லுக்கு மாறினார். ஜேசான் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் நிரல்களின் உரிமத்தில் அவற்றை எழுதிய டக்ளஸ் கிராக்ஃபோர்டு சேர்த்த, நன்மைக்கே பயன்படுத்தவேண்டும் தீமைக்குக் கூடாது என்ற ஒற்றை வாக்கியத்தால், டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. எது தீமை என்று யார் முடிவு செய்வது என்பதற்கு உரிமத்தில் விடை இல்லை. விடையில்லாத நிபந்தனையை நம்பி எந்த விநியோகிப்பாளரும் தன் தொகுப்பைக் கட்ட முடியாது.

பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஐந்தாம் வாதம், படைப்பு ஒருவருடையதாக இருக்கும்வரை உண்மை. இரண்டாவது ஆள் ஒரு திருத்தம் அனுப்பி, அது சேர்ந்துகொண்ட நாளிலிருந்து அவரும் உரிமையாளர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உரிமம் மாறியபோது, இசைவு தர மறுத்தவர்களும் தொடர்புகொள்ள முடியாதவர்களும் வரைந்திருந்த தெருக்களும் கட்டடங்களும் 2012 ஜூலையில் தானியங்கி நிரல் ஒன்றால் நீக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் இழப்பு கடுமையாக இருந்தது, தன்னார்வலர்கள் மீண்டும் தெருத்தெருவாகச் சென்று வரையவேண்டியிருந்தது. விஎல்சி என்ற காணொளி இயக்கும் மென்பொருளின் உட்கருவை ஜிபிஎல்லிலிருந்து தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பல ஆண்டுகளில் பங்களித்திருந்த நிரலாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து இசைவு வாங்கவேண்டியிருந்தது. விக்கிப்பீடியா 2009இல் ஜிஎஃப்டிஎல்லிலிருந்து சிசி பை-எஸ்ஏவுக்கு மாற முடிந்தது அதன் பங்களிப்பாளர்கள் அனைவரையும் கேட்டு அல்ல. இவ்வுரிமத்தின் பிந்தைய பதிப்பும் செல்லும் என்ற தொடர் தொடக்கத்திலேயே அதன் உரிமக் குறிப்பில் இருந்தது. 2008 நவம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஜிஎஃப்டிஎல்லின் 1.3ஆம் பதிப்பை வெளியிட்டு, அதற்குள் இம்மாற்றத்துக்கான ஒரு குறுகிய கால வாயிலைத் திறந்துவிட்டது. அப்படியொரு தொடர் லினக்ஸ் கருநிரலின் உரிமத்தில் இல்லை. அதனால் அது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது. மூன்றாம் பதிப்புக்குப் போக விரும்பினாலும் போக முடியாது.

இவ்வளவு நுணுக்கத்தையும் ஒரு சிறு குழுவோ தனி மாணவரோ எப்படிக் கையாள்வது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. தேவைக்கு அதிகமான உரிமங்கள் எழுதப்பட்டிருப்பதும், அவற்றுள் பல ஒன்றோடொன்று இசையாதிருப்பதும் இத்துறையின் உண்மையான குறைகள். ஆனால் அக்கேள்விக்கான விடை எளிய கருவியாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அதன் உரிமத்தை ஒற்றை வரியில் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள முறையை லினக்ஸ் கருநிரல் 2017 முதல் பின்பற்றுகிறது. ஒரு திட்டத்தின் எல்லாக் கோப்புகளுக்கும் அக்குறிப்பு இருக்கிறதா என்று சரிபார்க்கும் ரீயூஸ் என்ற நெறியையும் கருவியையும் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்குகிறது. மண்ணின் ஈரத்தை அளக்கும் அதே போர்டின் கோப்புறையில் நிரலுக்கு ஜிபிஎல், சர்க்யூட் வரைபடத்துக்கும் பெட்டிக்கும் செர்ன் உரிமத்தின் எஸ் வகை, கையேட்டுக்கு சிசி பை-எஸ்ஏ நான்காம் பதிப்பு, வயலில் எடுத்த அளவீடுகளுக்கு சிசி0 என்று நான்கு உரிமங்கள் அருகருகே இருக்கலாம். ஒவ்வொரு கோப்பும் தன்னுடையதைத் தானே சொல்லும். கையேட்டின் வாசகத்தை நிரலுக்குள் கொண்டுசெல்ல வேண்டியிருந்தால், சிசி பை-எஸ்ஏ நான்காம் பதிப்பிலிருந்து ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்குச் செல்லும் ஒருவழி இசைவு 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது.